பாசிக்குள் ஒரு பட்டறை

ஏரியூரிலிருந்து நாகமரைக்குப் போனால் மேட்டூர் அணையின் தேங்குநீர். காவிரி அங்கே ஓடுவதில்லை, விரிந்து நிற்கிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை 120 அடியைத் தொடும்போது அக்கரைப் பண்ணவாடி வரை ஒரே நீர்வெளி. வரத்து குறைந்து வெயில் ஏறினால் கரையோரம் நீலப்பச்சைப்பாசி திரண்டு, பெயின்ட் கொட்டியதுபோல் படலம் கட்டும், நாறும்.

என் கண்ணெல்லாம் பாசியைத் தொற்றும் வைரஸ்கள் மேல்தான். ஏரி நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி வைரஸ்கள் இருப்பது சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை நுண்ணுயிர்களைத் தொற்றுபவை, மனிதரைத் தீண்டாதவை. நீலப்பச்சைப்பாசியைத் தொற்றும் வைரஸை 1963இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். நான்கே ஆண்டில், 1967இல், ஆர்.என்.சிங்கும் பி.கே.சிங்கும் இந்திய மண்ணிலிருந்தே அப்படிப்பட்டவற்றைப் பிரித்துக் காட்டினார்கள்.

இத்தகைய வைரஸ் ஒன்றின் அமைப்பைப் பாருங்கள். பட்டை தீட்டிய மணிபோல் பல முகம் கொண்ட தலை, அதற்குள் இறுகச் சுருட்டிய மரபிழை, கீழே வால். இத்தகைய தலைகளை ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரம் வரிசையாக நிறுத்தலாம். வால் பாசியின் மேல்தோலில் பொருந்தியதும் மரபிழை மட்டும் உள்ளே இறங்குகிறது, கூடு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

உள்ளே நடப்பதுதான் அழகு. ஒளிச்சேர்க்கைக்கு டி1 என்றொரு புரதம் வேண்டும். வெயில் பட்டுப் பட்டு அது சிதைந்துகொண்டே இருக்கும், பாசி புதிது செய்து மாற்றிக்கொண்டே இருக்கும். வைரஸ் புகுந்ததும் பாசியின் சொந்த மரபணுக்கள் முடங்குகின்றன. டி1 நின்றால் ஆற்றல் வற்றும், வைரஸின் வாரிசுகள் அரைகுறையாய்ப் போகும். அதற்காக டி1 செய்யும் மரபணுவைச் சில வைரஸ்கள் கையோடு கொண்டுவருகின்றன! என்றோ ஒரு பாசியிடமிருந்து எடுத்ததுதான். 2003இல் கடலில் வாழும் நீலப்பச்சைப்பாசியின் வைரஸ் ஒன்றில் இது தெரிந்தது, பிறகு நன்னீர் வைரஸ்களிலும். உயிர் போகும் பாசி கடைசிவரை வெயிலை உண்டபடியே இருக்கிறது. இத்தனை சிறிய தலையில் இடம் எவ்வளவு அருமை! அதில் இந்த ஒரு மரபணுவுக்கு இடம் ஒதுக்கியிருப்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வாரிசுகள் தயாரானதும் பாசியின் சுவர் உடைகிறது. உள்ளிருந்த சர்க்கரையும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீரில் கரைய, பாக்டீரியாக்கள் வந்து உண்கின்றன. நுண்விலங்கு வழியாக மீனுக்குப் போய்ச் சேர வேண்டிய உணவில் ஒரு பங்கு இப்படி நுண்ணுயிர்களுக்குள்ளேயே சுற்றிவிடுகிறது. நாகமரைப் பரிசல்காரர் வலையில் ஏறும் மீனின் எடையிலும் வைரஸுக்குக் கணக்கு உண்டு.