பகை எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுத் தொகுதி பற்றி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், வியாழன்ல நிலமே இல்லாட்டி எங்க போய் இறங்கிற?"

அந்தக் கேள்வி என்னை 'எ மீற்றிங் வித் மெடூசா' என்ற குறுநாவலை மீண்டும் வாசிக்க வைத்தது. 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் எழுதி, 1971 இல் வெளிவந்தது அது.

வியாழனில் இறங்க இடமில்லை, மிதக்கத்தான் வேண்டும். வளிமண்டலத்தின் பெரும்பகுதி ஐதரசன். அதைவிடப் பாரம் குறைந்த வாயு வேறில்லை. ஆகவே, சூடாக்கிய ஐதரசன் நிரப்பிய பலூனில் பயணிக்கிறான் ஹோவர்ட் பல்கன். அந்த இடத்தின் கொடுமை வெறும் கற்பனையல்ல. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலம் உள்ளே செலுத்திய ஆய்வுக்கருவி ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே தாக்குப்பிடித்தது.

இப்படியான களம் கிடைத்தால் பலர் அங்கே ஒரு வில்லனையும் குடியேற்றிவிடுவார்கள். கிளார்க் அதைச் செய்யவில்லை. அவர் காட்டுவது முகில்களில் மிதக்கும், ஜெலிமீன் போன்ற ஒரு பேருயிரை. திருக்கை போன்றவை அதனைத் தாக்குகின்றன. எங்கள் கடலில் சுழியோடிய ஒருவரின் கண் இதிலே தெரிகிறது. அந்த உயிர் பலூனை நெருங்கித் தொட்டுப் பார்க்கிறது. பல்கன் பலூனைக் கைவிட்டுத் தப்பியோடுகிறான். அது தாக்க வந்ததா, அறிய வந்ததா? கதை தீர்ப்புச் சொல்லவில்லை.

எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று. பல்கனின் உடலைச் சிதைத்தது வியாழனல்ல. பூமியின் வானத்திலே, மனிதர் தொலைவிலிருந்து இயக்கிய கமராத் தளமொன்று அவனது ஆகாயக் கப்பலில் மோதியதால் வந்த வினை அது. பகைக்கோள் அவனை உயிரோடு திருப்பி அனுப்புகிறது. சொந்தக் கோள்தான் அவனை அரை இயந்திரமாக்கியது.

குறையும் இங்கேதான். அவனது உடலின் நிலையைக் கிளார்க் கடைசிவரை மறைத்து, முடிவில் திடுக்கிட வைக்கிறார். இடையிலே சில சாடைகள் மட்டும். ஒரு மனிதனின் துயரம் வாசகனுக்கான புதிராகச் சுருங்கிவிடுகிறது. ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால், அந்தத் தனிமையோடு நாமும் வியாழனுக்குள் இறங்கியிருப்போம்.

ஆயினும், விஞ்ஞானப் புனைகதை எழுத முனையும் நம் இளையவர்கள் இதனைத் தேடி வாசிக்க வேண்டும். அந்நியமானதையெல்லாம் எதிரியாக்காமலே அச்சத்தை எழுதலாம் என்பதற்கு இது நல்ல சான்று.