தப்பொலியும் வடிகட்டியும்

ஊவாத் தோட்டங்களிலே மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்தின் தப்பொலியைக் கணினியிற் பதிந்து, பழைய மின்கருவியின் தன்மையை ஒத்த வடிகட்டிச் செருகுநிரலின் வழியே செலுத்திப் பாட்டமைக்கப் புகும் இளைஞர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். இத்தகைய செருகுநிரல்கள் பல, ராபர்ட் மூக் என்னும் அமெரிக்கர் 1969இல் காப்புரிமை பெற்ற ஏணிச்சுற்றைப் பின்பற்றுவன. குறித்த வரம்பிற்கு மேல், ஒரு ஸ்தாயி உயருந்தோறும் ஒலியை 24 டெசிபல் அளவு அது தாழ்த்தும். மின்னிசையின் கரட்டொலி அதனால் இனிமை பெற்றது மெய்யே. அதற்கென்றே அது பிறந்தது.

தப்போ பிறிதொரு பிறப்பினது. தீயிற் காய்ச்சித் தோலை இறுக்கிய பின்னரே அதனை அடிப்பர். தடித்த குச்சி தாழ்ந்த முழக்கத்தையும், நெடிய மெல்லிய குச்சி கூரொலியையும் எழுப்ப, இவ்விரண்டன் வேறுபாட்டினாலேயே அடியின் சொற்கட்டு விளங்கும். வடிகட்டியின் வரம்பைத் தாழ்த்துவார் முதற்கண் இழப்பது அம்மெல்லிய குச்சியையே. எஞ்சுவது வெற்று முழக்கம். இதனை 'வெதுவெதுப்பு' என்று புகழ்வர்; தீக்காய்ந்த தோலுக்கு வெதுவெதுப்பூட்டுதல் வியப்பே!

விடியுமுன் லயங்களில் உறங்கினோரை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பே. அக்கூர்மை செவிக்கு இனிதன்று, இனிதாதற்கு எழுந்ததுமன்று. தப்பென்றாலே சாதி கருதி முகஞ்சுளித்த கற்றோர் நம்மிடையே இருந்தனர். இவ்வடிகட்டலிலும் அச்சுளிப்பின் சாயல் உண்டோ என ஐயுறுகின்றேன்.

உடனிசைக்கும் மின்கருவிக்கு வடிகட்டியைத் தாராளமாக இடுக. தப்பின் தாழ்முழக்கம் பாடுவோன் குரலை நெருக்குமாயின் அதனையும் சிறிது குறைக்கலாம். மேல்வரம்பைமட்டும் திறந்தே விடுக.