ஈ வயிற்றில் ஒரு நீலக்கோடு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டி போடும் அக்காவிடம், பழுத்துக் கருத்த ரஸ்தாளியைத்தான் கேட்டு வாங்குவேன். சீப்பைத் தூக்கியதும் குப்பென்று சின்னப் பழ ஈக்கள் எழும்பும். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து மூர்மார்க்கெட் வண்டிக்கு ஓடுகிறவர்கள் கையால் விசிறிவிட்டுப் போவார்கள். நான் நின்று பார்ப்பேன். மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். செங்கல் நிறக் கண், தேன் நிற உடம்பு. பழத்துக்காக வருகிறது என்று நினைக்கிறோம். அதன் நாட்டமெல்லாம் தோல் வெடித்த இடத்தில் புளித்துப் பொங்கும் ஈஸ்ட் மேல்தான். அதற்குப் புரதம் அங்கேதான் இருக்கிறது.

பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஆய்வுக்காக வளர்க்கும் இந்த ஈக்களுக்கு வாழைப்பழமும் வெல்லமும்தான் சாப்பாடு. பார்லியும் ஈஸ்ட்டும் சேர்த்து, அகர் போட்டு இறுக்குகிறார்கள். பஞ்சாமிர்தத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை!

ஈயின் ஆயுள் சுமார் இரண்டு மாதம். பட்டினி போடாமல் ஈஸ்ட்டை மட்டும் அளவாகக் குறைத்தால் அந்த ஆயுள் நீள்கிறது, முட்டைதான் குறைகிறது. குடலுக்கும் இதில் பங்கு உண்டா? மைக்கேல் ரேராவும் டேவிட் வாக்கரும் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. மிட்டாய்க்குப் போடும் நீலச் சாயத்தைத் தீனியில் கலந்தார்கள். அவ்வளவுதான். இளம் ஈயின் வயிற்றில் நீலம் ஒரு கோடாக, வரப்பு கட்டிய வாய்க்கால் தண்ணீர்போல் அடங்கி நின்றது. குடல் தளர்ந்த கிழ ஈயிலோ வரப்பு உடைந்து தலை முதல் வால் வரை நீலம் பரவியது. ஒரே நாளில் பிறந்த ஈக்களிலும், நீலம் பரவியது சில நாளில் செத்தது. பரவாதது உயிரோடு இருந்தது.

அந்த வரப்பு ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆனது. தேய்ந்ததை ஈடுசெய்யும் குருத்தணுக்கள் அதில் இருப்பதை 2006இல்தான் கண்டார்கள். முதுமையில் அவை நிதானம் இழந்து கண்டபடி பெருகும். குடல் சுவர் ஒழுங்கு கெடும். ஈஸ்ட் குறைந்த தீனியில் அந்தக் கேடு தள்ளிப்போகிறது. பெண் ஈயின் குடல்தான் அதிகம் சிதைகிறது. அளவுச் சாப்பாட்டால் அதிகம் பிழைப்பதும் அதுவே.

நேற்று ரஸ்தாளித் தோலை ஜன்னல் ஓரம் வைத்தேன். ஒரு பெண் ஈ வந்து உட்கார்ந்தது. லென்ஸைக் கிட்டே கொண்டுபோனேன். முட்டையால் உப்பிய வயிறு வெயிலில் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. குழல் வாயை ஈரத்தில் அழுத்தியது, எடுத்தது, முன்காலிரண்டையும் தேய்த்துக்கொண்டது, மறுபடி அழுத்தியது.