எஸ்எம்பிஎஸ் வாங்கும்முன் லேபிளைப் படியுங்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஐம்பது, அறுபதாயிரம் ரூபாயில் கேமிங் பிசி அசெம்பிள் செய்யும் பிள்ளைகள், எந்த கிராபிக்ஸ் கார்டு என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் முறை வரும்போது காசு தீர்ந்திருக்கும். கேபினட்டோடு வருவதே போதும் என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. சாயங்கால லோ வோல்டேஜ், ஐப்பசி இடி மின்னல், சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வரும் கரண்ட் என எல்லா அடியையும் முதலில் வாங்குவது அந்தப் பெட்டிதான்.

நான் பயன்படுத்திப் பார்த்தது கோர்செர் சிஎக்ஸ்550, 80 பிளஸ் பிரான்ஸ் தரம். உடன் ரைசன் 5 5600 பிராசசரும் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

கார்டுக்கு 132 வாட், பிராசசருக்கு முழு வேகத்தில் 76 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் 50 வைத்தாலும் 260-ஐத் தாண்டாது. இந்தக் கார்டுக்கு ஏஎம்டி பரிந்துரைப்பதே 450 வாட்தான். 550 இருந்தால், நாளை 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு மாறினாலும் போதும். 750 வாட்டுக்குப் போகாதீர்கள். மிச்சக் காசு ரேமுக்கு உதவும்.

லேபிளில் இரண்டு வரி

முதலில் இன்புட் வோல்டேஜ். விலை குறைந்த பலவற்றில் 200–240 என்றிருக்கும், சிஎக்ஸ்550-இல் 100–240. நம் ஊருக்கு இதுதான் முக்கியம். 250 வாட் இழுக்கும் பிசி, 230 வோல்ட்டில் சுமார் 1.1 ஆம்பியர் எடுக்கும். வோல்டேஜ் 170-க்கு இறங்கினால் அதே வேலைக்கு 1.5 ஆம்பியர் ஆகிவிடும். அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்கும்படி செய்யப்படாத பெட்டி ஆட்டத்தின் நடுவே அணைந்துவிடும், அல்லது சீக்கிரம் பழுதாகும்.

அடுத்து 12 வோல்ட் வரி. பிராசசரும் கார்டும் இதிலிருந்துதான் கரண்ட் எடுக்கின்றன. அதில் போட்டிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். அட்டையில் 450 வாட் என்று போட்டு, உள்ளே 18 ஆம்பியர் என்றிருந்தால் கைக்கு வருவது 216 வாட்தான். சிஎக்ஸ்550 ஏறக்குறைய முழு 550-ஐயும் 12 வோல்ட்டிலேயே தருகிறது.

இன்வெர்ட்டரும் எர்த்தும்

கரண்ட் போன பிறகு நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரை வைத்துத் தாங்குவது சுமார் 17 மில்லிநொடி. அதற்குள் வீட்டு இன்வெர்ட்டர் மாற வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்றொரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பதும் அவசியம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் சிஎக்ஸ்550 போன்ற எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துவராது.

பழைய வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிளக்கில் எர்த் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக, ஏறக்குறைய பாதி வோல்டேஜ் கேபினட்டில் வந்து நிற்கும். வெறுங்காலோடு தொட்டால் விரல் நுனி சுரீரென்னும். எந்த விலையில் எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் இதைத் தீர்க்க முடியாது. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுவிடுங்கள்.

குறையும் தீர்ப்பும்

இந்த மாடல் மாடுலர் அல்ல. தேவைப்படாத ஒயர்களும் கூடவே தொங்கும். சின்ன கேபினட்டில் அவற்றை மடித்துக் கட்டி ஒதுக்குவதற்குள் கை வலிக்கும். சித்திரை வெயிலில் ஃபேன் சத்தம் காதில் விழத்தான் செய்கிறது, ஆனால் ஹெட்போனைத் தாண்டி வராது.

மற்றபடி வாங்கலாம். ஐந்து வருட வாரண்டி உண்டு. பில்லைப் பத்திரமாக வையுங்கள். வேறு பிராண்டு பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள், லேபிளின் அந்த இரண்டு வரியும் சரியாக இருந்தால் போதும். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள். கார்டை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது கார்டையும் போர்டையும் சேர்த்தே கொண்டுபோகக்கூடும்.