இசைத்தட்டுக் கடையில் ஓர் அமானிதம்

நம்பி ஒப்படைத்த பணத்தைத் தொலைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையை என்ன செய்வது? 1995-இல் வெளிவந்த 'எம்பயர் ரெக்கார்ட்ஸ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படம் சிரித்துக்கொண்டே இக்கேள்வியை எழுப்புகிறது. ஆலன் மாயில் இயக்கிய இப்படம் திரையரங்குகளில் ஓடவில்லை; வீடியோ நாடாக்களின் வழியாகவே இளைஞர்களிடம் வாழ்வு பெற்றது.

டெலாவேர் மாநிலத்து இசைத்தட்டுக் கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர்களே கதைமாந்தர். கடையைப் பூட்டும் பொறுப்பு முதன்முறையாக லூக்காஸ் என்பவனிடம் வருகிறது. அக்கடையைப் பெரிய வணிகச் சங்கிலி ஒன்று விழுங்கவிருப்பதை அன்றிரவு அவன் அறிகிறான். கடையைக் காப்பாற்றும் எண்ணத்தில் சுமார் 9,000 டாலரை எடுத்துக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட விடுதிக்குச் செல்கிறான். முதலில் வெல்கிறான், பின்னர் அனைத்தையும் இழக்கிறான். நல்ல நோக்கம் அமானிதத்தில் கைவைக்க அனுமதியாகுமா? படம் இதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. நம்மால் அப்படி இருக்க இயலவில்லை.

ஆயினும் மேலாளர் ஜோ நம் மதிப்பைப் பெறுகிறார். ஆந்தனி லபாக்லியா நடித்த இவர் சினம் கொள்கிறார்; ஆனால் பையனைக் காவல்துறையிடம் விடவில்லை, வீதிக்கும் துரத்தவில்லை. கடையிலுள்ள சோபாவில் உட்காரவைத்து, எழுந்திருக்காதே என்கிறார். தண்டனையும் அதுவே, அடைக்கலமும் அதுவே. திசைகெட்டுத் திரிந்த லூக்காஸை முன்னர் ஏற்று வளர்த்தவரும் அவரே என்பது பின்னர் தெரிகிறது. பொருள் திருடிப் பிடிபட்ட சிறுவனொருவன், துப்பாக்கியோடு திரும்பி வந்த பின்னும், இறுதியில் அக்கடையிலேயே வேலை பெறுகிறான்.

தன்னுயிரை மாய்க்க முயன்று, மணிக்கட்டில் கட்டுடன் வேலைக்கு வரும் டெப்ராவின் காட்சி நம்மைச் சங்கடப்படுத்தியது. தோழர்கள் அவளுக்குப் போலி இறுதிச்சடங்கு நடத்துகிறார்கள். ஜனாஸாவின் கண்ணியம் அறிந்த நமக்கு மரணத்தை விளையாட்டாக்குவது உவப்பாயில்லை. ஆனால், அவள் இறந்தபின் சொல்லியிருக்கக்கூடிய சொற்களை அவள் செவி கேட்கவே சொல்கிறார்கள். மையித்தைச் சுற்றி நின்று புகழும் நாம், உயிரோடிருக்கையில் எத்தனை பேரிடம் அப்படிப் பேசியிருக்கிறோம்? ராபின் டனியின் முகம் அவ்விடத்தில் மெல்ல இளகுவதைக் கண்டோம்; படத்தின் சிறந்த இடம் அதுவே.

மற்றவை சாதாரணம். பழம்புகழ் பாடகனைச் சுற்றிய கேலிகள் நீண்டுபோகின்றன. லிவ் டைலர் ஏற்ற பெண்ணின் மாத்திரைப் பழக்கமோ அவசரமாக எழுப்பப்பட்டு அவசரமாகவே கைவிடப்படுகிறது. உடையும் பேச்சும் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்க ஏற்றனவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரைக்கதை எழுதிய கேரல் ஹெய்க்கினன் டவர் ரெக்கார்ட்ஸ் கடையொன்றில் வேலை பார்த்தவர். கடைப்பிள்ளைகளின் சண்டையிலும் பாசத்திலும் காணும் உண்மைக்கு அதுவே காரணம் போலும். சங்கிலிக்கடை வந்து விழுங்கிவிடும் என்று படம் அஞ்சியது. டவர் என்ற அப்பெருஞ்சங்கிலியே 2006-இல் அமெரிக்காவில் கடைகளை மூடிற்று.

நம் குறை முடிவைப் பற்றியது. கொண்டாட்டம் நடத்திப் பொதுமக்களிடம் பணம் திரட்டுகிறார்கள், முதலாளி கடையை ஜோவுக்கே விற்றுவிடுகிறார், எல்லோரும் ஆடுகிறார்கள். லூக்காஸ் தன் உழைப்பால் ஒரு டாலரேனும் திருப்பித் தரும் காட்சி இல்லை. அதையும் சேர்த்திருந்தால் படம் இன்னும் ஐந்து நிமிடம் நீண்டிருக்கும், நாம் பொறுத்துக்கொண்டிருப்போம்.