சர்ஃப் இசைக்குப் பழைய மலிவுக் கிட்டார் போதுமா?

ஃபெண்டர் ஜாகுவாரோ ஜாஸ்மாஸ்டரோ கையில் இல்லாமல், கலிஃபோர்னியக் கடற்கரையில் பிறந்த சர்ஃப் கிட்டார் இசையைத் தொடவே கூடாது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அதற்கு எதிர்ப்பாட்டுபோல, 1960களின் விசித்திர உருவக் கிட்டார்களைத் தேடி வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஜப்பானின் டெய்ஸ்கோ, அமெரிக்காவின் டேன்எலெக்ட்ரோ, இத்தாலியின் ஏக்கோ எனப் பட்டியல் நீளும். நான் இந்தப் பழக்கத்தின் பக்கம்தான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தவறு. சரியான காரணத்தைப் பேசுவோர் குறைவு.

‘சர்ஃப் மலிவுக் கருவிகளில் பிறந்த இசை’ என்பது அந்தத் தவறான காரணம். கலிஃபோர்னியாவின் பல்போவா கடற்கரையில் இருந்த ரோந்தேவூ நடன அரங்கில் சர்ஃப் கிட்டார் கலைஞர் டிக் டேல் வாசித்தபோது அவர் கையில் இருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். மிகத் தடித்த தந்திகளை மாட்டி அவர் வாசித்த வேகத்தில் ஆம்ப்களும் ஸ்பீக்கர்களும் எரிந்துபோயின. அந்த அடியைத் தாங்கும் கருவிகளை ஃபெண்டர் நிறுவனர் லியோ ஃபெண்டர் அவருக்காகவே செய்து சோதித்தார். 1961இல் வந்த, எதிரொலி சேர்க்கும் தனி ரிவெர்ப் பெட்டியும் ஃபெண்டர் தொழிற்சாலையின் சரக்கு. ஆக, இந்த இசையின் தொடக்கத்தில் இருந்தது அன்றைய உயர்தரத் தொழில்நுட்பம்.

மலிவுக் கிட்டார் வந்தது அடுத்த அலையில். 1962இல் ஜாகுவார் வெளிவந்தபோது அதன் விலை சுமார் 380 டாலர். அதே ஆண்டில் சியர்ஸ் நிறுவனம் டேன்எலெக்ட்ரோ செய்து கொடுத்த சில்வர்டோன் 1448ஐ, கிட்டார் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் பொருத்தி, 67.95 டாலருக்கு விற்றது. பள்ளி மாணவர்கள் குழு சேர்ந்து வாசிக்க வந்ததற்கு இந்த விலை வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். ஜப்பானிலும் 1965இல் வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்கக் கிட்டார் குழு சுற்றி வந்தபின் மின்கிட்டார் மோகம் மூண்டது. அவர்கள் வாசித்த மோஸ்ரைட் கிட்டாரின் உருவத்தை உள்ளூர்க் கம்பெனிகள் நகலெடுத்தன.

சரி, ஒலி எப்படி? இந்தக் கிட்டார்களின் பெரிய குறையாகச் சொல்லப்படுவது, மீட்டிய ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும் என்பது. டேன்எலெக்ட்ரோவின் உடல் மரச்சட்டத்தின் மேல் மேசனைட் அட்டை ஒட்டியது. அதில் நீண்ட நாதத்தை எதிர்பார்க்க முடியாது. ப்ளூஸ் வாசிப்பவருக்கு அது குறைதான். சர்ஃபுக்கு அப்படியல்ல. இங்கே உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கி, மேலும் கீழுமாக விரைந்து தட்டுகிறோம். சட்டென்று எழுந்து சட்டென்று விழும் ஒலிதான் ரிவெர்ப் பெட்டியின் ஸ்பிரிங்கை உலுக்கி அந்த நீர்த்துளிச் சத்தத்தை எழுப்புகிறது. ஸ்வரம் நீண்டால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். எல்லோரும் உச்சியில் வைக்கும் ஜாஸ்மாஸ்டரே குறுகிய நாதத்துக்குப் பெயர்போனது. அதில் தந்திகள் பிரிட்ஜின்மேல் லேசாகத்தான் அழுந்துகின்றன. லிப்ஸ்டிக் குழலுக்குள் அடைத்த டேன்எலெக்ட்ரோ பிக்கப்பின் கண்ணாடிபோன்ற தெளிவும் இதற்குப் பொருந்தும். ஆகவே ஒலியைப் பொறுத்தவரை இந்தக் கிட்டார்கள் ‘போதும்’ என்பதைவிட மேலானவை.

சிக்கல் நெக்கில் இருக்கிறது. அன்றைய மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கிடையாது. உள்ளே அசையாத எஃகுப் பட்டைதான். டெய்ஸ்கோ அதையே ஒரு சிறப்பாக விளம்பரம் செய்தது. அறுபது ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்த தந்திகள் அந்த நெக்கை வில்லாக வளைத்திருக்கும். சர்ஃபுக்கென்று தடித்த தந்தி மாட்டினால் இழுப்பு இன்னும் கூடும். நெக் உடலோடு சேரும் பள்ளத்தில் தகடு வைத்துக் கோணத்தை மாற்றலாம். வளைவை அது நிமிர்த்தாது. வளைவுக்கு விரல்பலகையைச் செதுக்கி ஃப்ரெட்டுகளை மாற்ற வேண்டும், அந்தக் கூலி கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். வாங்குமுன் முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். நிறமும் பொத்தான் வரிசையும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை. ஏக்கோவின் நான்கு பிக்கப்பும் மினுமினுக்கும் பிளாஸ்டிக் உறையும் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மை, ஆனால் வளைந்த நெக்கில் அவற்றால் ஒரு பயனும் இல்லை.

சுருதியை அசைக்கும் வைப்ரேட்டோ கைப்பிடி அடுத்த தலைவலி. சர்ஃபில் கைப்பிடியை ஓங்கி அமுக்குவதில்லை. வரி முடிகிற இடத்தில் லேசான ஒரு தாழ்வு, அவ்வளவுதான். அந்தச் சிறு தாழ்வுக்குப் பிறகும் பல மலிவுக் கருவிகள் சுருதிக்குத் திரும்புவதில்லை. சில்வர்டோன் 1448இல் கைப்பிடியே கிடையாது. மெழுகில் தோய்க்காத பழைய பிக்கப்புகள் ஆம்பை உரக்க வைத்தால் கீச்சிடவும் செய்யும்.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. கிட்டார் கலைஞர் ரை கூடர் தம் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் டெய்ஸ்கோவின் தங்கத்தாள் பிக்கப் ஒன்றைப் பொருத்திக்கொண்டார், ஒலி அருமை. அதன்பின் அந்தப் பிக்கப்புக்காகவே நல்ல கிட்டார்களைப் பிரித்து, மிச்சத்தை உதிரியாக விற்கும் வழக்கம் வளர்ந்தது. நேரான நெக்கோடு பிழைத்திருந்தவையும் இதில் அழிகின்றன. விசித்திரத்தை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அதைக் கூறுபோடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பழுதுபார்ப்புச் செலவையும் சேர்த்தால் பல நேரங்களில் ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையரின் புது ஜாஸ்மாஸ்டர் விலை வந்துவிடும். ஒரே கிட்டாரோடு மேடையேற வேண்டியவர் அதை வாங்கட்டும். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவருக்கு, நேரான நெக் உள்ள ஒரு சில்வர்டோனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வைப்ரேட்டோ இல்லாத பாடல்களை அதில் வாசிக்கலாம், அவை நிறையவே இருக்கின்றன.