ஆளில்லாத கப்பல்

காவிரியின் இக்கரையில் பள்ளிபாளையம், அக்கரையில் ஈரோடு. இடையே ஓடும் ஆற்றில் பரிசலைக் கண்டவர் உண்டு. போர்க்கப்பலைக் கண்டவர் எவருமிலர். கடல் நமக்கு நெடுந்தொலைவு. எனினும் அண்மையில், விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் ஓயாத ஒரு தெருவில், தறிக்குடும்பத்து இளைஞர் ஒருவரின் கணினித் திரையில் ஒரு போர்க்கப்பலைக் கண்டோம். மூன்று புகைபோக்கிகள், இரு பாய்மரத் தண்டுகள், பக்கத்திற்குப் பக்கம் பீரங்கிகள். இளைஞர் சுட்டியைச் சற்றே அசைத்தார். கப்பல் முழுவதும் சுழன்று, தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்க வேண்டிய பாகத்தையும் நமக்குக் காட்டிற்று.

“எந்தக் கப்பல், தம்பி?” என்றோம்.

“எம்டனுங்க ஐயா” என்றார்.

அப்பெயர் தமிழருக்குப் புதிதன்று. எதற்கும் அஞ்சாத, எளிதில் பிடிபடாத ஒருவரை “அவன் பெரிய எம்டன்” என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு செருமானியக் கப்பலின் பெயர் நம் பேச்சு வழக்கில் மனிதருக்கு அடைமொழியாகிவிட்டதற்கு ஓர் இரவே காரணம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்தை நெருங்கி வந்த எம்டன், நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்று சேதமுற்றது, சிலர் மாண்டனர். அச்சத்தால் நகரைவிட்டு வெளியேறியோர் பலர். உயர்நீதிமன்ற வளாகத்தின் கீழ்ப்புறச் சுவரில் பதிக்கப்பட்ட கல்வெட்டு இன்றும் அவ்விரவை நினைவூட்டுகின்றது.

கவிதைக்கும் கதைக்கும் ஓவியத்திற்கும் திறனாய்வு எழுதும் நாம், இக்காலத்தில் எண்ணற்ற இளைஞர் இரவெல்லாம் கண்விழித்துப் பழகும் இம்முப்பரிமாணக் கலையை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது. டாங்கிகளையும் போர்க்கப்பல்களையும் கணினியில் உருவாக்குவோர் உலகெங்கும் உள்ளனர். 2002 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைத்துவரும் பிளெண்டர் போன்ற கருவிகளால், பொருள் வசதியற்றவரும் இதில் இறங்க முடிகின்றது. ஆகவே இக்கலையின் சிறப்பையும் குறையையும் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமையாகின்றது.

முதலில் அது செய்யப்படும் விதத்தை அறிவோம். நம் ஊராருக்கு இதை விளக்குதல் எளிது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து துணியாவது போல, திரையில் எண்ணற்ற புள்ளிகள் கோடுகளால் இணைந்து ஒரு வலையாகின்றன. அவ்வலையின் சிறு கட்டங்கள் சேர்ந்தே கப்பலின் உடல் அமைகின்றது. வளைவு மிகும் இடத்தில் கட்டங்களை நெருக்கமாகவும், தட்டையான இடத்தில் அகலமாகவும் அமைப்பதே கைத்திறன். பின்னர், தைத்த சட்டையைப் பிரித்துத் துணித் துண்டுகளாக விரிப்பது போல, உருவத்தின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்து அதன்மேல் வண்ணம் தீட்டுகின்றனர். வண்ணம் ஒரு படலம். பளபளப்பு ஒரு படலம். சொரசொரப்பு மற்றொரு படலம். துளைகளிட்ட அட்டைகளால் நெசவின் பூவேலையை நடத்திய ஜக்கார்டு தறியைக் கணினியின் முன்னோடிகளுள் ஒன்றாக அறிஞர்கள் கூறுவர். அவ்வகையில் தறிவீட்டுப் பிள்ளை இத்தொழிலுக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

இக்கலையின் முதற்சிறப்பு அதன் பொறுமை. எம்டன் 118 மீட்டர் நீளமுள்ள கப்பல், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து அதில் இருந்தன. இளைஞர் பழைய ஒளிப்படங்களையும் வரைபடங்களையும் பல மாதங்கள் ஒப்பிட்டுப் பார்த்தே ஒவ்வொரு படகையும் கயிற்றையும் உரிய இடத்தில் வைத்திருந்தார். இரண்டாம் சிறப்பு, அது காலத்தைக் கேட்கின்றது. போருக்கு முன் வெண்ணிறம் பூண்டு ‘கிழக்கின் அன்னம்’ எனப் பெயர் பெற்ற அக்கப்பல், போர் மூண்டபின் சாம்பல் நிறம் பூண்டது. 1914 அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைகையில், ஆங்கிலேயக் கப்பலெனத் தோன்றும்படி நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைத் தாங்கி நின்றது. ஆகவே ‘எம்டனைச் செய்கிறேன்’ என்றால் போதாது. எந்நாளைய எம்டன் என்று சொல்லியாக வேண்டும். வரலாற்றை இத்துணை நுணுக்கமாக வினவப் பழக்கும் கலையை நாம் எளிதாய் எண்ணலாகாது.

ஆயினும் நெடுநேரம் நோக்கியபின் நம் மனத்தில் ஒரு குறை எழுந்தது. கப்பலில் ஆளில்லை. மேல்தளம் துடைத்தெடுத்தாற்போல் கிடந்தது. சுக்கான் இருந்தது, பிடிப்பாரில்லை. பீரங்கி இருந்தது, குண்டைச் சுமப்பாரில்லை. நிலக்கரி எரித்து ஓடிய அக்கப்பலின் அடித்தட்டில் வெந்து உழைத்த மனிதருக்கு இடமே இல்லை. புகைபோக்கிகள் உள்ளீடற்ற குழாய்களாக நின்றன. துருவும் கீறலும் மட்டும் மிக அழகாகத் தீட்டப்பட்டிருந்தன. இரும்பின் காயம் தெரிகின்றது. மனிதனின் காயம் தெரியவில்லை.

இக்குறை ஓர் இளைஞருக்கு மட்டும் உரியதன்று. நாம் பார்த்த இத்தகைய உருவங்கள் பெரும்பாலானவற்றிலும் இதுவே நிலை. 2015இல் வெளிவந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்ஷிப்ஸ்’ என்னும் கணினி விளையாட்டிலும் எம்டன் உண்டு. அங்கே அடிபட்ட கப்பலின் வலிமை எண்ணாகக் குறைந்து, பின் கப்பல் மூழ்குகின்றது. அடுத்த ஆட்டத்தில் அதுவே புதுமெருகுடன் மீண்டும் வருகின்றது. மெய்யான எம்டனோ திரும்பி வரவில்லை. 1914 நவம்பர் 9இல் கொக்கோசுத் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியின் குண்டுகளுக்கு இரையாகி, வடகீலிங் தீவின் பவளப் பாறையில் மோதி நின்றது. அதன் மாலுமிகளுள் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதை நாம் சொன்னபோது இளைஞர் சினங்கொள்ளவில்லை. “கப்பலைச் செஞ்சிரலாங்க ஐயா. ஆளைச் செய்யறதுதாங்க கஷ்டம்” என்றார். தொழில்நோக்கில் அது முற்றிலும் உண்மை. இரும்புக்கு நேர்கோடும் அளவும் உண்டு. மனித முகத்திற்கோ கட்டங்கள் மிகுதியாக வேண்டும். எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டத்தை உள்ளே பொருத்தினாலன்றிக் கை மடங்காது, கால் நடவாது. சற்றே பிழைத்தாலும் அது பிணம்போலத் தோன்றும். கடினமானதை விட்டு எளியதைச் செய்வது எல்லாக் கலைஞருக்கும் இயல்பே. ஆனால் போரைப் பற்றிய கலையில் விடுபடுவது எப்போதும் மனிதனாகவே இருந்தால், அதை வெறும் தொழில்நுட்பக் குறையெனக் கொள்ள இயலுமா?

குறை கருவியில் இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2இல் கடற்படையில் சேர்க்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 262 மீட்டர் நீளமுடையது. விமானந்தாங்கி அளவிலான ஒரு கப்பலை முழுமையாக முப்பரிமாண உருவமாக்கி, அவ்வுருவிலிருந்தே கட்டுமான வரைபடங்களை எடுத்தது இந்தியாவில் அதுவே முதல்முறை என்று அறிவிக்கப்பட்டது. அவ்வுருவத்தை வரைந்தோர் ஆளை மறக்க முடியாது. 2,200க்கும் மேற்பட்ட அறைகள். பெண்கள் உட்படச் சுமார் 1,600 பேர் உண்ணவும் உறங்கவும் வேண்டும். ஒரு குழாய் தவறான உயரத்தில் சென்றால் நடப்பவர் தலையில் இடிக்கும். தீப்பிடித்தால் வெளியேறும் வழி குறுகியிருத்தல் கூடாது. அங்கே மனித உடலே எல்லாவற்றிற்கும் அளவுகோல். அக்கப்பலும் போருக்குரியதே, அதன் அறம் தனியே ஆராயத்தக்கது. எனினும் உள்ளே வாழ்வோரை எண்ணாமல் அதை வரைய இயலாது. கண்ணுக்கு மட்டும் செய்யப்படும் உருவத்திற்கோ அக்கட்டாயம் இல்லை.

கப்பலுருவம் செய்தல் நம் திருச்சபைக்கும் புதிதன்று. ஐரோப்பியக் கடலோரக் கோவில்கள் பலவற்றில், கூரையிலிருந்து சிறு மரக்கப்பல்கள் தொங்குகின்றன. புயலிலிருந்து பிழைத்த மாலுமிகள் நேர்ந்துகொண்டு அளித்த காணிக்கைகள் அவை. வேளாங்கண்ணியிலும் புயலுக்குத் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அன்னைக்கு ஆலயம் எழுப்பினர் என்பது வழிவழி மரபு. அம்மரக்கப்பல்களிலும் பொம்மை மாலுமிகளைக் காண்பது அரிது; பாய்மரத்தின் அளவும் பல வேளைகளில் பிழைபட்டிருக்கும். நுணுக்கத்தில் அவை இளைஞரின் எம்டனுக்கு ஈடாகா. ஆயினும் அவற்றை நாம் ஆளில்லாக் கப்பல் என்று சொல்வதில்லை. ஏன்? உள்ளேயிருந்து அஞ்சியவரின் நினைவே அவற்றைச் செய்யத் தூண்டிற்று. எனவே நாம் கேட்பது பொம்மை மனிதரை மட்டும் அன்று. உள்ளே இருந்தவரையும் எதிரே நின்றவரையும் எண்ணிய மனத்தின் அடையாளத்தையே.

இது நம் பகுதி இளைஞருக்கு வெறும் கலைச்சிக்கலன்று. 2019 சனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் நம் அண்டை நகரான சேலமும் ஒன்று. இன்று ஆர்வத்தால் கற்கும் இத்திறன் நாளை ஊதியம் தரும் தொழிலாகலாம். தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் அது சிறு செய்தியன்று. அதைக் குறைகூற நாம் யார்? ஆனால் அழகிய ஓர் இரும்பைக் கண்டு வியக்கும்போதே, ‘இதனுள் இருப்பவர் யார்? இதன் குறியில் நிற்பவர் யார்?’ என்று கேட்கப் பழகியவர், எத்தொழிலுக்குச் சென்றாலும் அக்கேள்வியை உடன்கொண்டு செல்வார். கேளாமலே பழகியவருக்குப் பிற்காலத்தில் அதைக் கற்பிப்பது அரிது.

விடைபெறுமுன் இளைஞரிடம் ஒன்று மட்டும் வேண்டினோம். எம்டனை வெற்றுக் கடலில் சுழலவிடாமல், 1914இன் சென்னைத் துறைமுகத்தின் முன் நிறுத்துமாறும், கரையில் எண்ணெய்த் தொட்டிகளையும், தளத்தில் ஒரே ஒரு மாலுமியையும் சேர்க்குமாறும் கேட்டோம். முகம் சரியாக அமையாவிடினும் குற்றமில்லை. அவர் திரையை நோக்கியவாறே சிறிது நேரம் இருந்தார்.

“ஒரு ஆளுன்னா முடியும்ங்க ஐயா. கரையில நிக்கறவங்களையும் சேத்துச் செய்யோணும்னா நாளாகும்” என்றார்.

நாளாகட்டும். கரையில் நிற்பவர்களை நாம் கேட்கவில்லை, அவராகவே எண்ணிக்கொண்டார். ஒரு திறனாய்வு கலைஞரிடம் இதற்குமேல் எதை எதிர்பார்க்க இயலும்?